குளத்தைக் காலி செய்யும் முன், குளத்துக்கு வெளியே ஒரு குழி

வாசகியின் கேள்வி:

ஐயா, ஆறு மாதத்துக்கு முன் ஒரு பழைய வீடு வாங்கினோம். கொல்லைப்புறத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஆழம் ஒரு முனையில் 1.2 மீட்டர், மறுமுனையில் 1.8 மீட்டர். நாலைந்து வருடமாக யாரும் அதைத் தொடவில்லையாம். தண்ணீர் கரும்பச்சையாக இருக்கிறது, அடி தெரியவில்லை. தலைப்பிரட்டைகள் நீந்துகின்றன. சாயங்காலம் ஆனால் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. ஒருவர் பெரிய பம்ப் வைத்து ஒரே நாளில் இறைத்துத் தருவதாகச் சொல்கிறார். மொத்தமாகக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது. எட்டு வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலி செய்யலாமா? அவ்வளவு தண்ணீரை எங்கே விடுவது?

பதில்:

சகோதரி, உங்கள் பயம் நியாயமான பயம். பம்ப் கொண்டுவருபவரிடம் இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் தப்பானவர் என்பதற்காக இல்லை. ஒரு விஷயத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் குளத்திலிருந்து தண்ணீரை எடுக்கவே கூடாது. அதைப் பார்க்க இரண்டு மூன்று நாள் போதும்.

அதற்கு முன் பிள்ளைகள். மற்றதெல்லாம் அடுத்த வாரம் செய்யலாம், இதை இன்றே செய்யுங்கள். தெளிந்த குளத்தில் ஒரு குழந்தை விழுந்தால் பார்க்கிறவர் கண்ணில் படும். கரும்பச்சைத் தண்ணீரில் விழுந்தால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூட எங்கே தேடுவது என்று தெரியாது. மூழ்குகிற குழந்தை கத்துவதும் இல்லை. கொல்லைக் கதவுக்குப் பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். குளத்தைச் சுற்றி குறைந்தது 1.2 மீட்டர் உயரத்துக்கு, ஏறுவதற்குக் கால் வைக்க இடமில்லாத வேலி வேண்டும், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவோடு. தார்ப்பாய் போட்டு மூடினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். மழை பெய்தால் தார்ப்பாய் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும். குழந்தை அதில் கால் வைத்தால் பாய் உள்ளே இழுத்துச் சுற்றிக்கொள்ளும். குளம் காலியான பிறகும் வேலி இருக்க வேண்டும். 1.8 மீட்டர் பள்ளம், கீழே கான்கிரீட், அதன் மேல் பாசி. தண்ணீர் இல்லாததால் ஆபத்து போய்விடவில்லை.

கொசுவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தேங்கிய தண்ணீரில் போட பி.டி.ஐ. என்ற கொசுப்புழுக் கொல்லி வில்லைகளாகவும் தூளாகவும் கிடைக்கிறது. அது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. கொசுப்புழுவைக் கொல்லும், தலைப்பிரட்டையையும் மீனையும் ஒன்றும் செய்யாது. மண்ணெண்ணெயோ பழைய இன்ஜின் ஆயிலோ ஊற்றாதீர்கள். அந்த எண்ணெய்ப் படலம் பின்னால் ஃபில்டரைக் கெடுக்கும். தண்ணீரை இறைத்து விடும் இடத்து மண்ணையும் பாழாக்கும்.

சரி, இனி குளத்துக்கு வருகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நடந்தது. மூன்று நாள் மழை விட்ட மறுநாள் ஒரு வீட்டுக் குளத்தைக் காலி செய்தோம். கிட்டத்தட்ட உங்கள் குளத்தின் அளவுதான். சாயங்காலத்துக்குள் அடி தெரிந்துவிட்டது, மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம். ராத்திரி ஏதோ வெடித்த மாதிரி சத்தம் கேட்டதாக வீட்டுக்காரர் காலையில் சொன்னார். போய்ப் பார்த்தால் குளத்தின் விளிம்பு, சுற்றியிருந்த தரையை விட ஒரு சாண் மேலே நின்றது. குனிந்து, விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் நான்கு விரலை நுழைத்துப் பார்த்தேன். உள்ளே ஈர மண், முறிந்த பைப்பின் முனை. மேலே வந்த குளத்தை எங்களால் கீழே இறக்க முடியவில்லை. கடைசியில் உடைத்துத்தான் அப்புறப்படுத்தினார்கள். அந்தக் குடும்பத்தின் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு குழி தோண்டிப் பார்க்காமல் எந்தக் குளத்திலும் நான் பம்ப் போட்டதில்லை.

நடந்தது இதுதான். குளத்தை எல்லோரும் பள்ளமாகப் பார்க்கிறோம். ஈர மண்ணைப் பொறுத்தவரை அது ஒரு படகு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கனத்தில் அமர்ந்திருக்கும். காலி செய்துவிட்டால், சுற்றியுள்ள மண்ணில் நிற்கும் தண்ணீர் அதை அடியிலிருந்து மேலே தள்ளும்.

உங்கள் குளத்துக்கே ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சராசரி ஆழம் 1.5 மீட்டர் என்றால் 48 கன மீட்டர் தண்ணீர். அதாவது 48,000 லிட்டர், 48 டன். சுவரும் தரையும் 15 செ.மீ. கனத்துக் கான்கிரீட் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 25 டன் வரும். வெளிப்புற அளவில் அடிப்பரப்பு ஏறக்குறைய 36 சதுர மீட்டர். குளத்தின் அடிமட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஒவ்வொரு 10 செ.மீ. ஏறும்போதும் மூன்றரை டன்னுக்குச் சற்று அதிகமான விசை மேல்நோக்கித் தள்ளும். 70 செ.மீ. ஏறினால் போதும், 25 டன் ஆகிவிடுகிறது. பக்கவாட்டு மண் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்தான். அந்தப் பிடிமானத்தை நம்பி நான் வேலையில் இறங்க மாட்டேன்.

“எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் ரொம்ப ஆழத்தில் இருக்கிறது” என்று பலர் சொல்வார்கள். கிணற்றுக்கு அது சரி. குளத்துக்கு அந்த ஒரு தகவல் போதாது. குளம் கட்டும்போது பெரிய பள்ளம் வெட்டி, கட்டி முடித்ததும் சுற்றிலும் மண்ணைத் தள்ளி நிரப்புவார்கள். அந்த நிரப்பு மண் இளகலாக இருக்கும். அதற்கு வெளியே இருப்பது களிமண் என்றால், மழைநீர் இளகல் மண்ணில் இறங்கி, வெளியேற வழியில்லாமல் குளத்தைச் சுற்றிக் கிண்ணத்தில் நிற்பது போல் நிற்கும். கிணறு வறண்டிருந்தாலும் குளத்தின் அடியில் தண்ணீர் நிற்க முடியும். குளமே கசிந்தாலும் இதே கதைதான்.

அதனால்தான் குழி. ஆழமான முனையில், குளத்துச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, அந்த நிரப்பு மண்ணிலேயே, கம்பத்துக்குக் குழி போடும் கைக்கருவியால் 10 செ.மீ. அகலத்தில் ஒரு துளை போடச் சொல்லுங்கள். பள்ளமாக வெட்ட வேண்டாம், ஈர மண் சரிந்து ஆளை மூடிவிடும். ஆழம் 2.2 மீட்டராவது வேண்டும், குளத்தின் அடியைத் தாண்டிப் போக வேண்டுமல்லவா. அந்த இடத்தில் பைப்போ மின்கேபிளோ போகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கவாட்டில் கீறல் போட்ட பி.வி.சி. பைப்பைத் துளையில் இறக்கி, சுற்றிலும் ஜல்லி போட்டு, வாயை மூடி இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் ஒரு நூலில் போல்ட்டைக் கட்டி உள்ளே இறக்கி, தரையிலிருந்து எத்தனை செ.மீ. கீழே நனைகிறது என்று பாருங்கள். நல்ல மழை பெய்தால் மறுநாள் மறுபடியும் அளந்து பாருங்கள்.

இதை வைத்து நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே ஒன்று. குளத்துக்குள் இருக்கும் நீர்மட்டம், அந்தப் பைப்பில் தெரியும் நீர்மட்டத்துக்குக் கீழே போகவே கூடாது. பைப் முழுக்க வறண்டிருந்தால் முழுவதும் காலி செய்யலாம். தரையிலிருந்து ஒரு மீட்டரில் தண்ணீர் நிற்கிறது என்றால், குளத்தையும் அந்த மட்டத்துக்கு மேலேயே நிறுத்த வேண்டும். அதற்கும் கீழே போக வேண்டிய கட்டாயம் இருந்தால், சுற்றிலும் துளைகள் போட்டு நிலத்தடி நீரை ஒரு பக்கம் இறைத்துக்கொண்டே குளத்தைக் காலி செய்ய வேண்டும். அது அனுபவப்பட்ட ஆட்களின் வேலை, நீங்கள் தொட வேண்டாம்.

சில குளங்களின் ஆழமான இடத்தில், தரை ஓட்டையில், அழுத்தம் தணிக்கும் வால்வு இருக்கும். அடியில் அழுத்தம் ஏறினால் அது திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள்ளேயே விட்டுவிடும். நல்ல ஏற்பாடுதான். நாலைந்து வருடச் சேற்றுக்கு அடியில் கிடக்கும் வால்வு திறக்கும் என்று நான் நம்ப மாட்டேன், நீங்களும் நம்ப வேண்டாம்.

குளம் எதனால் செய்தது என்று நீங்கள் எழுதவில்லை. நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சொரசொரப்பாகவோ டைல்ஸாகவோ இருந்தால் கான்கிரீட். தட்டினால் பொத்தென்று ஒலிக்கும் வழவழப்பான சுவர் என்றால் ஃபைபர் கிளாஸ். விரலால் அழுத்தினால் ரெக்சின் மாதிரி லேசாக அமுங்கினால் வினைல் விரிப்பு. ஃபைபர் கிளாஸ் என்றால் நான் சொன்ன 25 டன் எல்லாம் கிடையாது. அது வெகு இலேசு, சீக்கிரம் மிதக்கும். தண்ணீர் உள்ளிருந்து தாங்காதபோது பக்கச் சுவர் உட்பக்கம் உப்பவும் செய்யும். வினைல் என்றால் முழுக்கக் காலி செய்யவே கூடாது. பழைய விரிப்பு காய்ந்ததும் சுருங்கும், திரும்ப நிரப்பும்போது நீளாமல் மூலையில் கிழியும். ஒரு அடி தண்ணீராவது எப்போதும் நிற்க வேண்டும்.

கையோடு இன்னொன்றும் பாருங்கள். அசையாத தண்ணீரை விடச் சரியான மட்டப்பலகை கிடையாது. காற்று இல்லாத நேரத்தில் நான்கு மூலையிலும், விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்லது. ஒரு முனை மூன்று நான்கு செ.மீ. வித்தியாசப்பட்டு, அந்தப் பக்கம் விளிம்புக்கும் தரைக்கும் இடையில் வெடிப்பும் தெரிந்தால், குளம் முன்பே ஒரு தடவை அசைந்திருக்க வாய்ப்பு உண்டு.

இத்தனைக்கும் பிறகு முக்கியமான கேள்வி: காலி செய்யத்தான் வேண்டுமா? பச்சை நிறத்துக்காக மட்டும் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. அது பாசி. பாசி குளோரினுக்கு அடங்கும். தண்ணீரை மாற்றியே ஆக வேண்டிய காரணங்கள் வேறு. ஒன்று அடியில் கிடக்கும் சேறு. நீளமான கம்பு ஒன்றைக் கரையில் நின்றபடி செங்குத்தாக இறக்குங்கள். ‘டொக்’கென்று தரையில் முட்டினால் சேறு குறைவு. மெத்தென்று இறங்கி, இழுக்கும்போது பிடித்துக்கொண்டு, முனை கறுப்பாக நாற்றத்தோடு வந்தால், எத்தனை செ.மீ. கறுத்திருக்கிறதோ அவ்வளவு சேறு. ஒரு சாணுக்கு மேல் என்றால் மருந்து போடுவது வீண். போடுகிற குளோரினை எல்லாம் அந்த அழுகிய இலையே தின்றுவிடும்.

இரண்டாவது, சயனூரிக் அமிலம். வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பதற்காகக் குளோரின் வில்லைகளில் இதைச் சேர்த்திருப்பார்கள். குளோரின் தீர்ந்துபோகும், இது ஆவியாகாமல் தங்கித் தங்கி ஏறிக்கொண்டே போகும். 100 பி.பி.எம்.-ஐ, அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராமை, தாண்டினால் எவ்வளவு குளோரின் போட்டாலும் மந்தமாகத்தான் வேலை செய்யும். பழைய தண்ணீரைக் குறைத்துப் புதிதாக விடுவதுதான் நடைமுறையில் வழி. தண்ணீர் சோதிக்கும் இடத்தில் ஒரு பாட்டில் கொடுத்தால் அளந்து சொல்வார்கள்.

ஒரு சின்னச் சோதனையை நீங்களே செய்யலாம். 20 லிட்டர் வாளியில் குளத்துத் தண்ணீரை எடுத்து, 10 சதவீத திரவ குளோரின் 6 மி.லி. விட்டுக் கலக்கி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் பச்சை போய் வெளுத்த கலங்கலாக இருந்தால், உங்கள் குளமும் தெளியும். பச்சை அப்படியே இருந்தால் தண்ணீரை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

மாற்றுவது என்றாலும் முழுக்கக் காலி செய்ய வேண்டியதில்லை என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் கற்றது. மூன்றில் ஒரு பங்கை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். பழையது 67 சதவீதம் மிஞ்சும். மறுபடி செய்தால் 44. மூன்றாம் தடவை 30. குளத்தில் எந்த நேரத்திலும் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், அதாவது 32 டன், அமர்ந்தே இருக்கும். தண்ணீர் கூடுதலாகச் செலவாகும், உண்மைதான். குளம் எழும்பினால் ஆகும் நஷ்டத்தோடு அதை ஒப்பிடவே முடியாது. உறிஞ்சு குழாயைக் கம்பில் கட்டி அடிவரை இறக்கி இறைத்தால், ஒவ்வொரு தடவையும் சேறும் கூடவே வெளியேறும். எல்லாத் தடவையும் குழியில் இறக்கிய பைப்பைப் பார்த்துவிட்டுத்தான் பம்பைப் போட வேண்டும்.

பெயின்ட் பற்றி உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். பெயின்ட் பிடிக்கக் கான்கிரீட் நன்றாகக் காய வேண்டும், அடித்த பிறகு பெயின்ட்டும் காய வேண்டும். ஆக, குளம் பல நாள் காலியாகக் கிடக்கும், அதற்குள் ஒரு கனமழை வந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். கடும் வெயிலில் காய்ந்தால் பூச்சு வெடிக்கும், டைல்ஸ் விடும். இந்த வருடம் தண்ணீரைத் தெளிய வையுங்கள். பெயின்ட் வேண்டுமானால், பைப் வறண்டு கிடக்கும், வெயில் மிதமான ஒரு பருவம் பார்த்து, ஆள் வைத்துச் செய்யலாம்.

தண்ணீரை எங்கே விடுவது? குளத்தின் பக்கத்துப் புல்தரையில் மட்டும் வேண்டாம். நிறையப் பேர் செய்யும் தவறு இது. அங்கே விட்ட தண்ணீர் மண்ணில் இறங்கி நேராகக் குளத்தின் அடிக்கே போய்ச் சேரும். உள்ளே குறையக் குறைய வெளியே ஏறும், நாமே குளத்தை மிதக்க விட்ட மாதிரி ஆகும். குளத்திலிருந்து நன்றாகத் தள்ளி, சரிவு வெளிப்பக்கம் போகும் இடத்தில் விடுங்கள். செப்டிக் டேங்கில் விடக் கூடாது, நிரம்பி வீட்டுக்குள் திரும்பும். மழைநீர் வடிகாலிலும் ஏரி, வாய்க்காலிலும் வேண்டாம். குளோரின் மீனைக் கொல்லும். குளோரினே இல்லாவிட்டாலும், அழுகல் நிறைந்த தண்ணீர் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் மூச்சு முட்டிச் சாகும். பாதாளச் சாக்கடை இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி கேட்டு அதில் மெதுவாக விடலாம். மரம் செடிக்கு விடுவதானால் முதலில் சோதனைப் பட்டையில் குளோரின் பூஜ்யம் காட்ட வேண்டும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் வகைக் குளமாக இருந்திருந்தால் அந்தத் தண்ணீர் செடிக்கே ஆகாது. கீரை, காய்கறிப் பாத்திக்கு எந்தக் குளத்துத் தண்ணீரும் வேண்டாம்.

பம்ப் வைக்கும் நாளில் சில விஷயங்கள். குளத்தின் விளக்குக்கும் பழைய மோட்டாருக்கும் போகும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துங்கள். தண்ணீருக்கடி விளக்குகள் தண்ணீரால் குளிர்பவை, வெளியே எரிந்தால் சூடேறி வெடிக்கலாம். குளத்தின் சொந்த மோட்டாரால் இறைக்க வேண்டாம், காற்று புகுந்தால் கருகிவிடும். தனியாக நீர்மூழ்கி பம்ப் வைத்து, 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் வழியாக இணையுங்கள். மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கும் பம்ப் மூன்றில் ஒரு பங்கை இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடும், அதை விடப் பெரிது தேவையில்லை. பம்ப் ஓடும்போது யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. பெட்ரோல் பம்ப் என்றால் மேலே, காற்றோட்டத்தில்தான் இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கியதும் சிலர் அதையும் பள்ளத்துக்குள் இறக்கி வைப்பார்கள், விடாதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

பைப் வறண்டிருந்து, என்றாவது முழுக்கக் காலி செய்தால், கடைசி ஒரு அடிதான் கஷ்டம். அந்தக் கறுப்புச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் எழும். ஹைட்ரஜன் சல்பைடு. காற்றை விடக் கனமானது, ஆழமான முனையில் தங்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதனால் நாற்றம் நின்றது என்று நினைத்து இறங்கக் கூடாது. மேலே நின்றே நீண்ட கைப்பிடியுள்ள வலையால் அள்ளச் சொல்லுங்கள். கூலிக்கு வரும் ஆளாக இருந்தாலும் இதே விதிதான். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், காற்று வீசும் நேரத்தில், ரப்பர் பூட்ஸ், கையுறையோடு, மேலே ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காலில் புண் இருப்பவர் இறங்கவே கூடாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். சுவரைத் தேய்க்க அமிலம் வாங்கினால், அது குளோரினோடு ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாது. விஷ வாயு வரும்.

அப்புறம், தண்ணீர் இறங்கும்போது தவளைகளுக்கு ஏற வழி இருக்காது. ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிடுங்கள், அவையே ஏறிப் போய்விடும். தலைப்பிரட்டைகள் அப்படிப் போக முடியாது. முதல் இறைப்புக்கு முன்பே வலையால் அள்ளி, குளத்துத் தண்ணீரையே நிரப்பிய தொட்டியில் நிழலில் வையுங்கள், கால் முளைத்து வெளியேற ஒரு கல்லும் போடுங்கள். மூத்த பிள்ளையை இதற்குச் சேர்த்துக்கொள்ளலாம், வேலிக்கு வெளியே இருந்தபடி.

குழி போட்டு இரண்டாம் நாள் நூல் எத்தனை செ.மீ.யில் நனைந்தது, நான்கு மூலை அளவு என்ன, கம்பில் சேறு எவ்வளவு, சுவர் எந்த வகை என்று எழுதி அனுப்புங்கள். எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை குளம் இருக்கிறபடி இருக்கட்டும்.